நிகழ்த்துகலை, தொழில்நுட்பம், செயற்பாடு: மூன்றையும் இணைத்து ஒரு கலைவாழ்வை அமைத்துக்கொள்ளும் வழி

நிகழ்த்துகலை, தொழில்நுட்பம், சமூகச் செயற்பாடு ஆகிய மூன்றையும் ஒரே பணியில் இணைக்க விரும்பும் கலைஞர், இம்மூன்றின் காலக்கணக்கும் வேறுபட்டது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்வது நல்லது. ஒரு நிகழ்வு ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்காக எழுதிய நிரலும் வாங்கிய கருவியும் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். அந்த நிகழ்வு எந்த அநீதியை எதிர்த்து எழுந்ததோ, அது தீர்வதற்கு ஒரு தலைமுறைகூட ஆகலாம். புதிதாக வருபவர்களில் பலர், மிக விரைவில் மூப்படையும் பொருளாகிய கருவியிலிருந்தே தொடங்குகிறார்கள். புதிய கருவி ஒன்று கைக்கு வந்ததும் அதைக் கொண்டு எதைப் பேசலாம் என்று தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே வலியுறுத்தப்போவது. மக்களுடனான உறவை முதலில் அமைத்து, உடலால் செய்யப்போகும் செயலை அடுத்துத் தீர்மானித்து, கருவியைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பவருக்கே இத்துறையில் நெடுங்காலம் பணியாற்றும் வாய்ப்பு அதிகம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் டெலாப், 2008ஆம் ஆண்டு மார்ச் 12 தொடங்கி 26 நாள்கள், நியூயார்க்கில் உள்ள ஐபீம் என்னும் கலை மையத்தில் ஒரு நடைப்பயிற்சி இயந்திரத்தின் மீது நடந்தார். அந்த இயந்திரம் ‘செகண்ட் லைஃப்’ என்னும் மெய்நிகர் உலகத்தோடு இணைக்கப்பட்டிருந்ததால், அவர் எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் அந்த உலகில் காந்தியின் உருவம் ஓரடி முன்னே சென்றது. 1930இல் உப்பு சத்தியாக்கிரகத்துக்காகக் காந்தி நடந்த 240 மைல் தொலைவையும் அவர் அப்படியே நடந்து முடித்தார். இதில் உள்ள தொழில்நுட்பம் எளிது. படைப்பின் கனம் முழுவதும் களைத்துப்போன கால்களில் இருக்கிறது. இதே கலைஞர் 2006 முதல் 2011 வரை, ஆள்சேர்ப்புக்காக அமெரிக்க இராணுவம் வெளியிட்ட ஒரு கணினி விளையாட்டுக்குள் நுழைந்து, சுடாமல் நின்று, ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கருவியும் வடிவமும் மாறியிருக்கின்றன; போரையும் வன்முறையையும் பற்றிய கேள்வி மட்டும் மாறவில்லை. ஒரு கலைஞரின் படைப்புகள் உதிரி நிகழ்வுகளாகச் சிதறாமல் ஒரு வாழ்நாள் பணியாகத் திரள்வது இப்படித்தான்.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

பத்தாண்டுகள் உடன் வாழக்கூடிய ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் சொந்த வாழ்விலிருந்து வந்திருக்கலாம்; நீங்கள் நெருங்கிப் பழகும் மக்களின் வாழ்விலிருந்து வந்திருக்கலாம். செய்தித்தாளில் இந்த மாதம் பரபரப்பாக இருக்கிறது என்பது மட்டும் போதிய காரணமாகாது. கேள்வியைத் தேர்ந்த பின் அதை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: இந்த அநீதியில் தொழில்நுட்பமும் ஒரு தரப்பாக நிற்கிறதா? நிற்கிறது என்றால் அதே தொழில்நுட்பத்தை மேடைக்குக் கொண்டுவருவதற்கு அழுத்தமான நியாயம் கிடைத்துவிடுகிறது. நிற்கவில்லை என்றால், சென்சாரும் ப்ரொஜெக்டரும் அலங்காரமாக மட்டுமே இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்போது அவை இல்லாமலேயே அந்தப் படைப்பைச் செய்வது நேர்மையானது.

ஈராக்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கலைஞர் வாஃபா பிலாலின் பணி இந்தச் சோதனையில் தெளிவாகத் தேறுகிறது. அவருடைய சகோதரர் ஈராக்கில் அமெரிக்க வான்தாக்குதலில் கொல்லப்பட்டார். எங்கோ ஓர் அறையில் அமர்ந்து திரையைப் பார்த்தபடியே பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவரைக் கொல்ல முடிகிற போர்முறையே அவருடைய கேள்வியானது. 2007இல் சிகாகோவின் ஒரு காட்சிக்கூடத்தில் அவர் 30 நாள்கள் தங்கினார். இணையத்தின் வழியாக உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் இயக்கக்கூடிய வண்ணக்குண்டுத் துப்பாக்கி ஒன்று அவரை நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அது சுட்டது. துப்பாக்கியை அவர் மீது படாதபடி வேறு பக்கம் திருப்பி வைப்பதற்கென்றே இணையத்தில் சிலர் குழுவாகச் சேர்ந்து முறை வைத்துக் காவல் இருந்தார்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பார்வையாளருக்குக் கையில் ஓர் அதிகாரத்தைக் கொடுத்து, அதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று அவரையே பார்க்கச் செய்வது, மேடை நாடகத்தாலோ தனி மென்பொருளாலோ இவ்வளவு கூர்மையாக முடியாத காரியம்.

மற்றொரு பாதையைக் கணினி அறிவியலாளர் ஜாய் புவோலம்வினியிடம் காணலாம். முகத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்று தம் கறுத்த முகத்தைக் காணத் தவறியதையும், வெள்ளை முகமூடி அணிந்தபோது உடனே கண்டுகொண்டதையும் மாணவராக இருந்தபோது கவனித்த அவர், அதை ஆராய்ச்சியாக விரித்தார். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வு, புகைப்படத்தைக் கொண்டு பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடும் கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரையிலும் பிழை செய்வதைக் காட்டியது. அதே ஆண்டில் அதே உண்மையைக் கவிதையாகச் சொல்லி ஒரு காணொளியை வெளியிட்டார். 2019இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். வல்லுநருக்கு எண்கள், பொதுமக்களுக்குக் குரலும் முகமும், சட்டம் இயற்றுபவருக்குச் சாட்சியம் என்று ஒரே கண்டுபிடிப்பு மூன்று வடிவங்களில் மூன்று இடங்களுக்குச் சென்று சேர்ந்தது. உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு இப்படி எத்தனை இடங்களில் செவி கிடைக்க வேண்டும், ஒவ்வோர் இடத்துக்கும் என்ன வடிவம் பொருந்தும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கான வேலைத்திட்டம் அதிலேயே கிடைத்துவிடும்.

எதைக் கற்பது, எவ்வளவு கற்பது

மூன்று துறைகளிலும் ஒரே அளவு தேர்ச்சி பெற முயல்வது வீண் சோர்வையே தரும். ஒன்றில் ஆழமான பயிற்சியும், இரண்டாவதில் தன் கையால் வேலை செய்யும் அளவுக்குத் திறனும், மூன்றாவதில் அத்துறையினரோடு மரியாதையாக உரையாடும் அளவுக்கு அறிவும் இருந்தால் போதும். ஆழமான பயிற்சி உடலில் இருப்பது சிறப்பு என்பது என் கருத்து. குரல், மூச்சு, நிற்கும் முறை, மௌனத்தைத் தாங்கும் ஆற்றல் ஆகியவை நாற்பது வயதில் புதிதாகக் கற்கக் கடினமானவை. நிரல் எழுதுவதை எந்த வயதிலும் தொடங்கலாம்.

நிரல் கற்க இன்று செலவே தேவையில்லை. கலைஞர்களுக்காகவே 2001இல் தொடங்கப்பட்ட ப்ராசெஸிங் என்னும் நிரல்மொழி, அதன் இணைய வடிவமான பி5.ஜேஎஸ், ஒலிக்கான ப்யூர் டேட்டா ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. சென்சார்களையும் மோட்டார்களையும் இயக்க 2005இல் அறிமுகமான ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை குறைந்த விலையில் கிடைக்கிறது. பாடத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்து முடிக்கக் காத்திராமல், ஒரு சென்சார், ஓர் அசைவு, ஐந்து நிமிடம் என்று வரம்பு வைத்துக்கொண்டு சிறு நிகழ்வுகளைச் செய்து, நண்பர் சிலரின் முன் நிகழ்த்திப் பாருங்கள். கை உயரும்போது ஒலி கூடுகிறது என்பது முதல் நிமிடத்திலேயே பார்வையாளருக்குப் புரிந்துவிடும். மீதி நான்கு நிமிடங்களுக்கு அவர் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் உண்மையான பயிற்சி.

பி5.ஜேஎஸ்ஸை 2013இல் உருவாக்கிய லாரன் லீ மெக்கார்த்தி தாமே ஒரு நிகழ்த்துகலைஞர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வீடுகளில் வைக்கப்படும் குரல் உதவிக் கருவியின் இடத்தில் தம்மையே வைத்து, பிறர் வீட்டின் விளக்குகளையும் கதவுகளையும் தொலைவிலிருந்து இயக்கி, நாள் முழுவதும் அவர்களைக் கவனித்துப் பணிவிடை செய்யும் படைப்பை அவர் 2017இல் தொடங்கினார். அதன் தொடர்ச்சியான மற்றொரு படைப்புக்கு 2020இல், கலையையும் தொழில்நுட்பத்தையும் இணைக்கும் ஆஸ்திரிய விழாவான ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவின் உயரிய விருது கிடைத்தது. பிறரும் பயன்படுத்தக்கூடிய கருவியை உருவாக்கி வெளியிடுவதும் இத்துறையில் ஒரு செயற்பாடுதான். உங்கள் படைப்பைப் பார்க்க வராத ஆயிரக்கணக்கானோர் அந்தக் கருவியின் வழியாக உங்கள் பணியோடு தொடர்புகொள்கிறார்கள்.

தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரோடு சேர்ந்து செய்வதற்கு 1966 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ‘9 ஈவினிங்ஸ்’ நிகழ்வு முன்னோடியாக அமைந்தது. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி க்ளூவரும் ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க்கும் முன்னின்று, பத்துக் கலைஞர்களையும் சுமார் முப்பது பொறியாளர்களையும் ஒன்றுசேர்த்தார்கள். ராஷன்பெர்க்கின் படைப்பில் டென்னிஸ் மட்டைக்குள் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. பந்து ஒவ்வொரு முறை படும்போதும் அரங்கின் ஒரு விளக்கு அணைந்து, முடிவில் முழு இருளில் நின்ற மக்கள் கூட்டத்தை அகச்சிவப்புக் கேமராக்கள் திரையில் காட்டின. தாமதங்களும் பழுதுகளும் நிறைய இருந்தன. அன்றைய விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். ஆயினும் பொறியாளரை ஏவலாளாகக் கருதாமல் படைப்பாளியாகக் கருதும் வழக்கம் அங்கே வேரூன்றியது. உங்கள் குழுவில் நிரல் எழுதுபவரும் விளக்கமைப்பவரும் இருந்தால், முதல் கூட்டத்திலிருந்தே அவர்களை அழையுங்கள். விளம்பரத்தில் அவர்கள் பெயர் எங்கே, எந்த அளவில் வரும் என்பதை ஒத்திகை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பின்னால் பேசப்படும் பெயர்ப் பிரச்சினைகளே பல குழுக்களைக் கலைக்கின்றன.

யாருடைய கதை, யாருடைய ஒப்புதல்

இந்தப் பணியின் மிகக் கடினமான பகுதி இதுதான். இங்கே தவறினால் மற்ற எல்லாத் திறமையும் தீங்காகவே முடியும். துன்பம் அனுபவித்த மனிதரின் சாட்சியத்தை எடுத்து, அதற்கு ஒளியும் ஒலியும் சேர்த்து, அவர் நுழைய முடியாத ஓர் அரங்கில் அவர் அறியாத மக்களுக்குக் காட்டி, பாராட்டும் ஊதியமும் கலைஞருக்கே வந்து சேரும் நிலை எளிதில் உருவாகிவிடுகிறது. அதைத் தடுக்க நல்லெண்ணம் மட்டும் போதாது, நடைமுறை வேண்டும்.

போலந்தில் பிறந்த கலைஞர் கிரிஷ்டோஃப் வோடிச்கோ 2001இல் மெக்சிகோவின் டிஹுவானா நகரில் செய்த பணி கூர்ந்து கவனிக்கத்தக்கது. எல்லையோரத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள், கேமராவும் ஒலிவாங்கியும் விளக்கும் பொருத்திய ஒரு தலைக்கருவியை அணிந்து, தாங்கள் பட்ட வன்கொடுமைகளை நேரலையாகப் பேசினார்கள். அவர்களுடைய முகங்கள் நகரின் பண்பாட்டு மையத்தில் உள்ள பிரமாண்டமான கோள வடிவக் கட்டடத்தின் மீது விழுந்தன. பேசியவர்கள் அங்கேயே, அந்தச் சதுக்கத்திலேயே நின்றார்கள். எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது கடைசி நொடி வரை அவர்கள் கையில் இருந்தது. அந்த இரவுகளுக்கு முன்பாக அப்பெண்களோடும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளோடும் நீண்ட ஆயத்தப் பணி நடந்தது. படைப்பின் பெரும்பகுதி அந்த ஆயத்தத்தில்தான் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நடைமுறையில் ஒப்புதலை ஒரே கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். பதிவு செய்வதற்கு முன் ஒரு முறை, தொகுத்த பின் அவருக்குப் போட்டுக்காட்டி ஒரு முறை, புதிய ஊரிலோ இணையத்திலோ காட்டும் முன் ஒரு முறை என்று கேளுங்கள். விலகிக்கொள்ள விரும்பினால் யாரிடம் எப்படிச் சொல்வது, சொன்ன பின் எத்தனை நாளில் பதிவு நீக்கப்படும் என்பதை அவருடைய மொழியில் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக்காட்டி, அவர் நம்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பங்கேற்பவர் செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள்; சாட்சியத்துக்கு விலை வைப்பதாகாதா என்று தயங்குவோர் உண்டு. ஒத்திகைக்கு வந்துபோகும் நாள்களில் அவர் இழக்கும் கூலியை யாரேனும் ஈடுசெய்தாக வேண்டும் என்பதே அதற்கு விடை.

கூட்டுச் செயலாக விரியும்போது கலையின் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பிரேசில் நாடகவியலாளர் அகஸ்தோ போவால் காட்டினார். பார்வையாளர் மேடையேறிக் கதையின் போக்கை மாற்றிக் காட்டும் அரங்க முறையை உருவாக்கிய அவர், 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோவின் நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் குழுக்கள் நடித்துக் காட்டிய சிக்கல்களிலிருந்தே சட்ட முன்வரைவுகளை வகுத்தார். அவற்றில் 13 சட்டங்களாக நிறைவேறின. எந்தக் கணினியும் இல்லாத இந்த முன்மாதிரியை, கணினியோடு பணியாற்றுபவர் அவசியம் கற்க வேண்டும்.

எதிர்மறையான விளைவுக்கும் ஒரு சான்று உண்டு. போபால் நச்சுவாயுப் பேரழிவின் இருபதாம் ஆண்டு நிறைவு நாளான 2004 டிசம்பர் 3 அன்று, பெருநிறுவனங்களின் பேச்சாளர்களாக வேடமிடும் ‘யெஸ் மென்’ குழுவைச் சேர்ந்த ஒருவர், போபால் ஆலைக்குரிய யூனியன் கார்பைடை பின்னாளில் வாங்கிய டவ் நிறுவனத்தின் பேச்சாளர் போல பிபிசி தொலைக்காட்சியில் தோன்றி, பாதிக்கப்பட்டோருக்கு 1,200 கோடி டாலர் இழப்பீடு வழங்கப்படும் என்று அறிவித்தார். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது, உலகின் கவனம் மீண்டும் போபாலுக்குத் திரும்பியது. ஆனால் உண்மை வெளிவருவதற்கு முன்பான அந்தச் சிறு இடைவெளியில், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்டப்பட்டது என்ற கண்டனமும் எழுந்தது. அந்தச் செயலின் துணிவை மதிக்கிறேன். இருந்தாலும் இத்தகைய ஒன்றைத் திட்டமிடுபவர், ஏமாற்றப்படுபவர்களின் பட்டியலில் தாம் யாருக்காகப் போராடுகிறாரோ அவர்களும் இருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், அவர்களுடைய பிரதிநிதிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் அடியெடுத்து வைக்கக் கூடாது.

மேடையில் கருவி செயலிழக்கும்போது

கருவி பழுதாகும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். நூற்றுக்கணக்கான கைபேசிகள் உள்ள அரங்கில் வைஃபை இணைப்பு ஒத்திகையில் இருந்த வேகத்தில் இருக்காது. முடிந்த இடமெல்லாம் கம்பி வழி இணைப்பையே பயன்படுத்துங்கள். நிகழ்வுக்குப் பயன்படும் கணினியில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, கடைசி ஒத்திகைக்குப் பின் எந்த மென்பொருளையும் மாற்றாதீர்கள். அதே நிரல் ஏற்றப்பட்ட இரண்டாவது கணினி ஒன்று பக்கத்தில் இயங்கிக்கொண்டே இருக்கட்டும். மேடை விளக்கு ப்ரொஜெக்டரின் படத்தை மங்கச் செய்யும் என்பதால், விளக்கமைப்பாளரும் காட்சியமைப்பாளரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்தே ஆக வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது, இயந்திரம் முழுவதுமாக நின்றுவிட்டால் நிகழ்த்துபவர் என்ன செய்வார் என்பதை எழுதி வைத்து, மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்து, ஒரு முறையேனும் ஒத்திகை பார்ப்பது. அந்த ஒத்திகையில் படைப்பு உயிரோடு இருந்தால் அதற்கு வலுவான எலும்புக்கூடு இருக்கிறது என்று அறியலாம். இல்லையென்றால் முதல் பகுதியில் சொன்ன கேள்விக்கே திரும்பச் செல்ல வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும்

1998இல் ‘எலெக்ட்ரானிக் டிஸ்டர்பன்ஸ் தியேட்டர்’ என்னும் குழு, மெக்சிகோவில் பழங்குடி மக்களின் உரிமைக்காகப் போராடிய ஸபடிஸ்டா இயக்கத்துக்கு ஆதரவாக ஒரு நிரலை வெளியிட்டது. அதைத் திறந்தவர்களின் கணினிகள் எல்லாம் அரசுச் சர்வரிடம் ‘மனித உரிமை’ போன்ற பெயர்களில் கோப்புகளை ஓயாமல் கேட்டன. அப்படி ஒன்று இங்கே இல்லை என்று சர்வர் ஓயாமல் விடை சொன்னது. கவிதையாகவும் மறியலாகவும் ஒரே நேரத்தில் நின்ற அந்தச் செயலை இன்று அப்படியே செய்தால், பல நாடுகளில் கணினிக் குற்றமாக வழக்குத் தொடரப்படலாம். அக்குழுவைச் சேர்ந்த ரிக்கார்டோ டொமிங்கெஸ், பாலைவன எல்லையைக் கடப்போருக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தையும் கவிதைகளையும் மலிவான கைபேசி வழியாகத் தரும் திட்டத்தைப் பின்னர் உருவாக்கியபோது, 2010இல் அவர் பணியாற்றிய பல்கலைக்கழகமே விசாரணை நடத்தியது. பதவியை அவர் இழக்கவில்லை. ‘கிரிட்டிக்கல் ஆர்ட் என்செம்பிள்’ என்னும் அமெரிக்கக் கலைக்குழுவின் ஸ்டீவ் கர்ட்ஸ், 2004இல் மனைவி இறந்த நாளில் உதவிக்கு அழைத்தபோது, கலைப்படைப்புக்காக வீட்டில் வைத்திருந்த தீங்கற்ற நுண்ணுயிர்களும் ஆய்வுக் கருவிகளும் ஐயத்தைக் கிளப்ப, புலனாய்வுக்கும் வழக்குக்கும் உள்ளானார். 2008இல்தான் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆகவே வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்பதைத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பின் கேட்பது காலங்கடந்தது. எதைச் செய்தால் நீங்கள் மட்டும் பொறுப்பாவீர்கள், எதைச் செய்தால் பங்கேற்பவரும் பொறுப்பாவார் என்பதைத் தனித்தனியே கேட்டு, இரண்டாவது வகையை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். தேவைப்படாத தகவலைச் சேகரிக்கவே வேண்டாம். சேகரிக்காத தகவலை எவராலும் கைப்பற்ற முடியாது. படங்களிலும் காணொளிகளிலும் இடமும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கும் என்பதால், வெளியிடும் முன் அவற்றை நீக்குங்கள். சட்டத்தின் வரம்பையே படைப்பாக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு: ஸ்பெயினில் நாடாளுமன்றத்தின் முன் போராடுவதற்குக் கடுமையான தண்டம் விதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 ஏப்ரலில், மாட்ரிட்டில் அதே இடத்தில் மனிதருக்குப் பதிலாக அவர்களின் ஒளியுருவங்கள் ஊர்வலம் போயின.

உங்கள் உடலையும் மனத்தையும் இந்தப் பாதுகாப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர நிகழ்வுகளுக்கு, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் நிகழ்வின் நடுவில் கலைஞர் நிறுத்த ஒப்புக்கொள்வது அரிது.

வருவாய்

ஒரே வழியில் வருவாய் வரும் என்று இத்துறையில் எதிர்பார்க்க முடியாது. கற்பித்தல், நிதிநல்கை, விழாக்களும் அருங்காட்சியகங்களும் கேட்டுச் செய்விக்கும் படைப்புகள், பிறருடைய நிகழ்வுகளுக்குச் செய்யும் தொழில்நுட்ப வேலை ஆகியவை சேர்ந்தே பெரும்பாலானோரின் ஆண்டு வருவாய் அமைகிறது. தொடக்க ஆண்டுகளில் பிறர் மேடைக்கு ஒளி, ஒலி, நிரல் அமைத்துத் தரும் வேலையை நான் மிகவும் பரிந்துரைப்பேன். ஊதியத்தோடு பயிற்சியும் தொடர்புகளும் கிடைக்கின்றன. லின்ஸ் நகரில் 1979 முதல் நடக்கும் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள இசட்கேஎம் என்னும் கலை, ஊடக மையம், அமெரிக்காவில் 1999 முதல் கலைஞர்களுக்கு நிதி தரும் கிரியேட்டிவ் கேப்பிட்டல் போன்ற அமைப்புகளின் அறிவிப்புகளையும் முந்தைய ஆண்டுகளில் தேர்வானவர்களின் பட்டியலையும் தொடர்ந்து படித்தால், எந்த அமைப்பு எத்தகைய பணியை மதிக்கிறது என்பது புலப்படும்.

விண்ணப்பத்தின் முதல் வாக்கியத்தில், பார்வையாளர் உள்ளே வந்ததும் எதைப் பார்ப்பார், என்ன செய்வார் என்பதைச் சொல்லுங்கள். கோட்பாடு பிறகு வரட்டும். வரவுசெலவுத் திட்டத்தில் பங்கேற்பவர் ஊதியம், மொழிபெயர்ப்பு, காப்பீடு, ஆவணப்படுத்தல், நிகழ்வுக்குப் பிந்தைய பராமரிப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதுங்கள். தனி வரியாக எழுதாத செலவு கடைசியில் கலைஞரின் சொந்தப் பணத்திலிருந்துதான் போகிறது. கலைஞருக்கு ஊதியம் இல்லை, வெளிச்சம் கிடைக்கும் என்று சொல்லும் இடங்களிடம் ஊதியம் கேட்பது பேராசையாகாது. இதையே கோரிக்கையாக்கி, ‘வேஜ்’ என்று சுருக்கமாக அறியப்படும் அமெரிக்க அமைப்பு 2008 முதல் போராடி, முறையாக ஊதியம் வழங்கும் நிறுவனங்களுக்குச் சான்றளிக்கும் திட்டத்தை 2014இல் தொடங்கியது.

யாருடைய பணத்தை வாங்குவதில்லை என்பதைப் பணம் தேவைப்படாத நாளிலேயே எழுதி வைத்துவிடுங்கள். கண்காணிப்பைக் கண்டிக்கும் படைப்புக்குக் கண்காணிப்புக் கருவி விற்கும் நிறுவனம் நிதி தர முன்வருவது இத்துறையில் அரிதாக நடப்பதன்று. ஒப்பந்தத்தில் நிரல் யாருக்கு உரியது, படைப்பின் வாசகத்தையோ காட்சியையோ மாற்றக் கோரும் உரிமை நிதியளிப்பவருக்கு உண்டா, இடையில் நிறுத்தப்பட்டால் பங்கேற்பவர் ஊதியம் என்னவாகும் ஆகிய மூன்றையும் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

படைப்பைப் பாதுகாத்தல்

அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டபோது, இருபது ஆண்டுகளில் உருவான எண்ணற்ற இணையப் படைப்புகள் சாதாரண உலாவியில் திறக்க முடியாதவையாயின. 1998இன் அந்த மறியல் நிரல் எழுதப்பட்ட ஜாவா முறையும் இன்றைய உலாவிகளில் இயங்குவதில்லை. 1996இல் தொடங்கப்பட்ட ரைசோம் என்னும் இணையக் கலை அமைப்பு, 2016 முதல் 2019 வரை நூறு இணையக் கலைப்படைப்புகளைத் திரட்டி மீட்டளித்தது போன்ற முயற்சிகள் இருந்தாலும், உங்கள் படைப்பை யாரேனும் மீட்பார்கள் என்று நம்பியிருப்பது சரியன்று.

நிரலின் மூலத்தோடு, அது இயங்கிய கணினி, மென்பொருள் பதிப்பு, இணைப்பு வரைபடம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். நிகழ்வைப் பதிவு செய்யும்போது ஒரு கேமரா நிகழ்த்துபவரையும் மற்றொன்று பார்வையாளரையும் பார்க்கட்டும். திரையில் தெரிவதைத் தனியே பதிவு செய்யுங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் வேறொரு குழு, வேறு கருவிகளைக் கொண்டு இதை மீண்டும் நிகழ்த்த வேண்டுமானால் எதை மாற்றலாம், எதை மாற்றவே கூடாது என்பதை இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் எழுதுங்கள். நாடகப் பிரதியைப் போல இந்த இரண்டு பக்கமே கருவிகளைக் கடந்து நிற்கும்.

பங்கேற்ற மக்களுக்கும் இந்த ஆவணங்களில் உரிமை உண்டு. பதிவுகளின் ஒரு பிரதியை அவர்களுடைய சங்கத்திடமோ அமைப்பிடமோ, அவர்களால் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பு வடிவத்தில் ஒப்படையுங்கள். மற்றொன்று உங்களிடமும் மூன்றாவது நம்பகமான ஓர் ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும். காப்பகத்துக்குக் கொடுக்கும்போது எந்தப் பதிவு எந்த ஆண்டு வரை மூடியிருக்க வேண்டும், திறப்பதற்கு யாருடைய இசைவு தேவை என்பதைப் பேசியவர்களே முடிவு செய்து எழுதிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள்.